பெயர் நீங்கிய காவற்கலம்

ஆங்கிலத்தில் 'கட்டர்' என்னும் சொல்லுக்கு வெட்டுவது என்பதே நேர்ப்பொருள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளிடம் அச்சொல்லைச் சொன்னால் புல்வெட்டும் எந்திரத்தையோ செம்பனைக் குலை வெட்டும் அரிவாளையோதான் நினைப்பர். கடலில் ஓடும் கலம் ஒன்றுக்கும் அதுவே பெயர் என்றால் வியப்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒற்றைப் பாய்மரத்தோடு அலையைக் கிழித்துக்கொண்டு விரைந்த சிறு கலத்துக்கு அப்பெயர் வழங்கிற்று. கள்ளக் கடத்தற்காரரைத் துரத்திப் பிடிக்க அதனினும் ஏற்ற கலம் இல்லாமையால், சுங்கத் துறையினர் அதனைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். பாய்மரம் போய் நீராவி வந்தது. நீராவி போய் டீசல் வந்தது. சொல் மட்டும் போகவில்லை. இன்றும் அமெரிக்கக் கடலோரக் காவற்படையில் 65 அடி நீளமும் மாலுமிகள் தங்கி வாழும் வசதியும் உடைய கலம் எதுவாயினும் அதற்குக் கட்டர் என்றே பெயர்.

இச்சொல்லை நான் தேடிச் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் பழைய காவற்கலம் ஒன்றின் பெயரை நீக்கிவிட்டார்கள் என்னும் செய்தியை ஆசிரிய நண்பர் ஒருவர் என்னிடம் கூறி, "பெயரை அழித்தால் வரலாற்றையும் அழித்ததாகாதா, ஐயா?" என்று வினவினார். ஆகும் என்றுதான் அன்று நானும் எண்ணினேன். பிறகு அக்கலத்தின் பணி வரலாற்றை ஆண்டு ஆண்டாகப் படித்துப் பார்த்தேன். என் எண்ணம் மாறிற்று. மாறியது எவ்வாறு என்பதைக் கூறுவதே இக்கட்டுரை.

முதலில் அந்தப் படையைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில் அரசின் கருவூலத்தில் பணமில்லை. வருவாய்க்குச் சுங்க வரியையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. ஆகவே முதற் கருவூலச் செயலாளரான அலெக்சாண்டர் ஹாமில்டன் பத்துக் கட்டர்களைக் கட்ட 1790ஆம் ஆண்டு காங்கிரசின் இசைவைப் பெற்றார். அந்தச் சுங்கக் காவலோடு உயிர்மீட்புப் பணியும் 1915இல் இணைந்தபோதுதான் 'கடலோரக் காவற்படை' என்னும் பெயர் பிறந்தது. அமைதிக் காலத்தில் அது கருவூலத் துறையின் கீழும், போர் மூண்டால் கடற்படையின் கீழும் இயங்கிற்று. கருவூலத்தின் கீழ் இருந்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்க. நம் கதையின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1930களின் நடுவில் இப்படைக்கென 327 அடி நீளமுள்ள ஏழு பெரிய கட்டர்கள் கட்டப்பெற்றன. துறை கருவூலத் துறை ஆகையால், ஏழுக்கும் முன்னாட் கருவூலச் செயலாளர்களின் பெயர்களையே இட்டனர். அவற்றுள் நான்கு, பிலடெல்பியாக் கடற்படைத் துறையில் 3-6-1936 அன்று ஒரே நாளில் நீரிலிறங்கின. நால்வருள் ஒன்று 'ரோஜர் பி. டேனி'. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் அது பணியேற்றது. மறு ஆண்டே பெயரைச் சுருக்கி 'டேனி' என்றனர்.

யார் இந்த டேனி? மேரிலாந்து மாநிலத்தவர், வழக்கறிஞர். கருவூலச் செயலாளராக அவர் இருந்தது 1833 செப்டம்பர் முதல் 1834 ஜூன் வரை, ஒன்பதே திங்கள். பின்னர் செனட் சபை அவர் நியமனத்தை ஏற்க மறுத்துவிட்டது. அமைச்சர் குழுவுக்கு முன்மொழியப்பட்டு அவ்வாறு மறுக்கப்பெற்ற முதல் மனிதர் அவரே. ஆனால் உலகம் அவரை அறிந்தது அதனாலன்று. 1836இல் தலைமை நீதிபதியாகி, 1864இல் இறக்கும் வரையில் அப்பதவியில் இருந்தார். 1857ஆம் ஆண்டு டிரெட் ஸ்காட் என்னும் அடிமை தன் விடுதலை வேண்டித் தொடுத்த வழக்கில், ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்தோர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகமாட்டார் என்று தீர்ப்பெழுதியவர் இவரே. உள்நாட்டுப் போர் முடிந்து, 1868இல் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் வந்த பிறகே அத்தீர்ப்பு செத்தது. குடியுரிமை என்ற சொல்லின் கனத்தை இந்நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

நிற்க. கப்பலுக்கு வருவோம்.

1937இன் தொடக்கத்தில் அது ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதற்கு வாய்த்த பணி விசித்திரமானது. நடுப் பசிபிக்கில், நிலநடுக்கோட்டை ஒட்டி ஹௌலண்ட், பேக்கர், ஜார்விஸ் எனச் சில தீவுகள் உண்டு. குடிநீர் இல்லை, நிழல் தரும் மரம் என்று சொல்லத்தக்கது இல்லை, பறவைகளும் நண்டுகளுமே குடிகள். ஆயினும் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் வான்வழியில் அவை கிடந்தமையால், அவற்றின்மேல் உரிமை நாட்ட அமெரிக்க அரசு விரும்பியது. கொடியை நட்டால் மட்டும் போதாது; ஆள் குடியிருக்க வேண்டும். இதற்காக 1935 முதல் சிறு சிறு குழுக்களாக இளைஞர்களை அத்தீவுகளில் இறக்கினர். அவர்களுள் பெரும்பாலோர் ஹவாயின் மண்ணின் மைந்தர்கள். பலர் கமெஹமெஹா பள்ளியில் படித்தவர்கள். அப்பள்ளி ஹவாய் மக்களின் பிள்ளைகளுக்கென 1887இல் தொடங்கப்பெற்றது. நோக்கத்தை அரசு முதலில் மறைவாகவே வைத்திருந்தது. வானிலையைக் குறித்து வை, பறவைகளைக் கவனி, இருக்கும் நீரைச் சிக்கனமாகக் குடி. இவ்வளவே அவர்களுக்கு இட்ட வேலை. 1942 வரை அவ்வாறு போய் இருந்தவர்கள் நூற்று முப்பதுக்கு மேற்பட்டோர்.

பள்ளி நடத்துபவன் என்ற முறையில் இப்பகுதியைப் படித்தபோது சற்று நின்றுவிட்டேன். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். சில திங்களுக்கு ஒருமுறை கப்பல் வரும். நீரும் அரிசியும் கடிதமும் அதில்தான் வரும். முறை முடிந்தவர் வீடு திரும்புவதும் அதில்தான். முதலில் 'இட்டாஸ்கா' என்னும் கட்டர் இப்பணியைச் செய்தது. 1937 ஜூலையில் விமானப் பெண்மணி அமீலியா இயர்ஹார்ட் ஹௌலண்ட் தீவைத் தேடி வந்து மறைந்தபோது அங்கே காத்திருந்ததும் அக்கலமே. டேனியும் அத்தீவுகளுக்குப் பொருள் சுமந்தது. கான்டன், எண்டர்பரி என்னும் தீவுகளில் 1938இல் குடியேற்றம் நிகழ்ந்தபோது ஆட்களைக் கொண்டு சென்றது. அவ்வாண்டே ஜார்விஸ் தீவில் இருந்த இளைஞன் ஒருவனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. அறுவைச் சிகிச்சைக்காக ஹொனலூலுவுக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே அவன் உயிர் பிரிந்தது. கப்பல் என்பது அத்தீவினருக்கு என்னவாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி, அக்கலத்துக்குப் புகழ் தந்த நாள். 7-12-1941 ஞாயிறு காலை ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. இங்கு ஒரு திருத்தம் கூற வேண்டும். டேனி அன்று பேர்ல் துறைமுகத்தில் இருந்ததாகவே பலரும் எழுதுகின்றனர். அது நின்றது சில மைல் தொலைவிலுள்ள ஹொனலூலுத் துறைமுகத்தின் ஆறாம் எண் துறையில். தாக்குதல் தொடங்கிய சில நிமிடங்களில் மாலுமிகள் பீரங்கிகளண்டை நின்றனர். தம் எல்லைக்குள் வந்த விமானங்கள்மீது சுட்டனர். கலத்துக்குச் சேதமில்லை. 'அந்நாளில் அங்கிருந்தவற்றுள் இன்றும் மிதக்கும் ஒரே கப்பல்' என்பதும் சற்று மிகை. 'ஹோகா' என்னும் இழுவைப் படகும் எஞ்சியிருக்கிறது. பீரங்கியேந்திய போர்க்கலங்களுள் எஞ்சியது இது என்றால் பொருந்தும். ஒரு காலைப் பொழுதின் சில மணி நேரம் அரை நூற்றாண்டுப் பணியை மறைத்துவிட்டது என்பது என் குறை. அதனால் இதனை விரிக்காமல் மேற்செல்கிறேன்.

அடுத்த நாள் ஹௌலண்ட் தீவின்மீது குண்டுகள் விழுந்தன. கொடிக்குக் காவலாக வைக்கப்பட்ட அந்த இளைஞர்களுள் இருவர் மாண்டனர். உயிர் தப்பியவர்களைக் கடற்படையின் அழிகலம் ஒன்று வந்து அழைத்துச் செல்ல 1942 ஜனவரி இறுதி ஆயிற்று. அதுவரையில் அவர்கள் எவ்வாறு நாளைக் கழித்திருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எண்டர்பரி, ஜார்விஸ் தீவுகளில் இருந்தோரை மீட்கும் பணி டேனிக்கு வந்தது. 1942 பிப்ரவரியில் எண்டர்பரியில் நால்வரை ஏற்றிக்கொண்டு, தானே முன்பு பொருள் கொண்டுவந்து இறக்கிய அக்குடியிருப்பைத் தன் பீரங்கியால் இடித்துத் தகர்த்தது. ஜார்விசிலும் நால்வரை ஏற்றிக்கொண்டபின் கட்டடங்களைத் தீயிட்டனர். பகைவர் கைக்குப் போகலாகாது என்பதே காரணம். ஏழாண்டுக் குடியேற்றம் அத்துடன் முடிந்தது.

பின்னர்க் கலம் அட்லாண்டிக் மாகடலுக்கு மாற்றப்பெற்றது. 327 அடிக் கட்டர்கள் ஏழனுள் இதற்கு மட்டுமே ஐந்தங்குலப் பீரங்கிகள் நான்கு பொருத்தினர். வட ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் வாணிபக் கப்பற் கூட்டங்களுக்குக் காவலாகச் செல்வது வேலை. 20-4-1944 அன்று மாலை மங்கும் வேளை, அல்ஜீரியாக் கரையருகே ஜெர்மானிய விமானங்கள் தாழப் பறந்து வந்து டார்ப்பிடோக்களை எய்தன. வெடிமருந்தும் படைவீரரும் ஏற்றிச் சென்ற 'பால் ஹாமில்டன்' என்னும் கப்பல் ஒரு கணத்தில் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 580 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. காவலுக்கு வந்த 'லான்ஸ்டேல்' என்னும் அழிகலமும் மூழ்கிற்று. அக்காவலணியின் தலைமைக் கலம் டேனிதான். இரண்டு டார்ப்பிடோக்கள் அதன் பக்கமாகவே சென்று மறைந்தன.

அவ்வாண்டு இறுதியில் அதனை நீரும் நிலமுமாக நடக்கும் போருக்குரிய தலைமையகக் கலமாக மாற்றி அமைத்தனர். 1945 ஏப்ரல் 11ஆம் நாள் ஒகினாவாவை அடைந்தது. உயிரைக் கொடுத்து மோதும் 'காமிக்காசே' விமானிகளின் காலம் அது. முதல் நாற்பத்தைந்து நாட்களில் போர் அழைப்பு மணி 119 முறை ஒலித்ததாகப் பதிவு கூறுகிறது. சில வேளை ஒன்பது மணி நேரம் தொடர்ந்து பீரங்கியருகே நின்றிருக்கின்றனர். உறக்கத்துக்கு எங்கே போவது? நான்கு விமானங்களை வீழ்த்திய பெருமை இதற்குண்டு. போர் முடிந்ததும், செப்டம்பரில், ஜப்பானின் வாக்காயாமாவுக்குச் சென்று நேச நாட்டுப் போர்க் கைதிகளை மீட்டு அனுப்பும் பணிக்குத் துணை நின்றது.

போர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இங்கே எழுதுகோலை வைத்துவிடுவர். அதன் பின்னர் இக்கலம் நாற்பதாண்டு உழைத்தது. அவற்றுள் பெரும் பகுதி, ஒன்றும் நிகழாமற் காத்துநின்ற ஆண்டுகள். அதைச் சற்று விளக்க வேண்டும்.

செயற்கைக் கோள் இல்லாத காலம். கரையில் வானிலை நிலையங்கள் இருந்தன. நடுக்கடலில் என்ன காற்று வீசுகிறது என்று யார் சொல்வது? மாகடலைக் கடக்கும் விமானம் தான் இருக்குமிடத்தை எப்படி அறிவது? இதற்காக மாகடலின் குறிப்பிட்ட இடங்களுக்கு எழுத்துப் பெயர் இட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கப்பலை எப்போதும் நிறுத்தி வைத்தனர். சான்றாக, ஹொனலூலுவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஏறத்தாழ நடுவில் இருந்தது 'நவம்பர்' நிலையம். ஒரு கப்பல் மூன்று வாரம் போல அங்கு நின்று, அடுத்தது வந்தபின்னரே அகலும். நங்கூரமிட முடியாத ஆழம். ஆகவே அலையோடு மிதந்து விலகுவதும், மீண்டும் தன் இடத்துக்கு வந்து சேர்வதுமாகக் காலம் கழியும். மூன்று மணிக்கொருமுறை காற்று, அழுத்தம், வெப்பம், அலையின் உயரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஆறு மணிக்கொருமுறை கருவி கட்டிய பலூனை வானில் விட வேண்டும். நிலையத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்து வைத்திருந்தனர்; கப்பல் அப்போது நிற்கும் சதுரத்தின் எழுத்தை வானொலி இடைவிடாது ஒலிபரப்பும். மேலே செல்லும் விமானி அதைக் கேட்டுத் தன் வழியைச் சரிபார்ப்பார்.

இவ்வளவு செலவு வீண்தானே என்று கேட்பாருக்கு 1956 அக்டோபர் 16ஆம் நாள் விடை கூறும். ஹொனலூலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சென்ற பான் அமெரிக்கன் விமானம் ஒன்றில் நள்ளிரவுக்குப் பின் இரண்டு பொறிகள் செயலிழந்தன. கரை சேர வழியில்லை. நவம்பர் நிலையத்தில் அன்று நின்ற 'பான்சர்ட்ரேன்' என்னும் கட்டரைக் கண்டு, அதற்கு மேலேயே விடியும் வரை வட்டமிட்டு, வெளிச்சம் வந்ததும் கடலில் இறங்கியது. 31 பேர். அத்தனை பேரையும் கட்டரின் படகுகள் கரைசேர்த்தன. அன்று நின்றது டேனியன்று. ஆனால் கலிபோர்னியாவின் அலமீடாவைத் தங்குதுறையாகக் கொண்டு 1946 முதல் 1972 வரை அது நின்ற காவலும் இதே வகைக் காவல்தான். தம் முறையின்போது எந்த விமானமும் விழவில்லை என்றால், மாலுமியின் நாட்குறிப்பில் எழுத ஒன்றும் இராது. எதுவும் நேராத நாட்களைப் பணி வரலாற்றில் சேர்ப்பதா, விடுவதா? நான் சேர்க்கிறேன்.

இடையில் வியட்நாம். 1969 மே முதல் 1970 ஜனவரி வரை, நமக்கு அண்மையிலுள்ள தென்சீனக் கடலில், வடக்கிலிருந்து ஆயுதம் வருவதைத் தடுக்கும் காவலில் இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படகுகளைச் சோதித்தது. கரையை நோக்கி 3,400 குண்டுகள் சுட்டது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட கிராமத்து மக்களுக்கு மருத்துவ உதவியும் அளித்தது. இவ்விரண்டு எண்களும் ஒரே கலத்தின் ஒரே பயணக் கணக்கில் அடுத்தடுத்து நிற்கின்றன. பெருமை பேசுவோர் பின்னதை மட்டும் சொல்வர். பழிப்போர் முன்னதை மட்டும் சொல்வர். ஆசிரியன் இரண்டையும் கரும்பலகையில் எழுத வேண்டியவன்.

1972இல் அட்லாண்டிக் கரைக்கு மீண்டது. அடுத்த ஆண்டு முதல் 'ஹோட்டல்' என்னும் வானிலை நிலையத்தில் நின்றது. புயலைக் கண்டறியும் ரேடார் கருவியை மேல்தளத்தில் பெரிய உருண்டைக் கூட்டுக்குள் வைத்திருந்தமையால் அதன் தோற்றமே மாறிப் போயிற்று. 1977 செப்டம்பரில் அந்நிலையம் மூடப்பட்டது. மிதவைக் கருவி ஒன்று அவ்வேலையை ஏற்றது. அமெரிக்கா நடத்திய கடைசி வானிலைக் காவல் அதுவே. பின்னர் மீன்பிடிக் காவல், பயிற்சி மாணவரின் கடற்பயணம், கரீபியன் கடலில் போதைப்பொருள் தடுப்பு. 1985 அக்டோபரில் ஏறத்தாழ 160 டன் கஞ்சாவோடு ஒரு கலத்தைப் பிடித்தது. சுங்கக் கள்வரைத் துரத்தவே கட்டர் பிறந்தது என்று முதலில் கூறினேன். ஓய்வுபெறும் வயதிலும் கிழக்கலம் அதே வேலையைச் செய்தது.

7-12-1986 அன்று பணியிலிருந்து விடுபெற்றது. ஐம்பதாண்டு. உடன்பிறந்த ஆறனுள் 'அலெக்சாண்டர் ஹாமில்டன்' 1942 ஜனவரியிலேயே ஐஸ்லாந்தருகே டார்ப்பிடோவுக்கு இரையாயிற்று. மற்றவற்றுள் 'இங்காம்' மட்டும் புளோரிடாவின் கீ வெஸ்டில் அருங்காட்சியகமாக நிற்கிறது. டேனியைப் பால்டிமோர் நகரம் பெற்றுக்கொண்டது; 1988இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

பால்டிமோர் மேரிலாந்தின் பெருநகரம். நீதிபதி டேனியின் மாநிலம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். அங்கிருந்த டேனியின் சிலையை 2017 ஆகஸ்டில் எடுத்தனர். ஆனால் துறைமுகத்துக் கலத்தில் அவர் பெயர் இருந்தது. தம் பாட்டன் பூட்டனைக் குடிமக்களல்லர் என்று எழுதியவரின் பெயரை வாசித்துத்தான் பள்ளிப் பிள்ளைகள் கலத்துள் ஏற வேண்டியிருந்தது. 2020இல் அருங்காட்சியகத்தார், கடலோரக் காவற்படையின் இசைவோடு, அப்பெயரை நீக்கினர்.

வேறொரு பெயரை அவர்கள் இடவில்லை. கலத்தின் எண்ணைக் கொண்டே அழைத்தனர். அவ்வெண் 37. போர்க்காலத்தில் காவற்படகாக இருந்தபோது 'டபிள்யூ.பி.ஜி. 37', ஒகினாவாவில் தலைமையகக் கலமானபோது 'டபிள்யூ.ஏ.ஜி.சி. 37', 1960களின் நடுவிலிருந்து நெடும்பயணக் கட்டர் என்னும் வகையில் 'டபிள்யூ.எச்.இ.சி. 37'. செய்த வேலைக்கேற்ப எழுத்து மாறிற்று, எண் மாறவில்லை.

என் நண்பரின் வினாவுக்கு வருகிறேன். தீவுப் பிள்ளைகளுக்கு நீர் கொண்டு சென்றதிலும், அல்ஜீரியக் கரையின் அந்த மாலையிலும், பெயரற்ற கடற்சதுரத்தில் மூன்று மணிக்கொருமுறை காற்றை அளந்ததிலும் நீதிபதி டேனிக்குப் பங்கில்லை. கருவூலத்தில் ஒன்பது திங்கள் இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக எழுபத்திரண்டு ஆண்டு கழித்து ஓர் அலுவலகம் அவர் இறந்தபின் ஒட்டிய பெயர் அது. வேலையைச் செய்தவர் மாலுமிகள். பெயரை எடுத்த பின்னும் மேலே நான் கூறிய ஆண்டுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. டிரெட் ஸ்காட் தீர்ப்பும் மறையவில்லை. பெயர் ஏன் நீங்கியது என்று கேட்கும் பிள்ளைக்கு அதைச் சொல்லாமல் தீராது. முன்பு அந்தக் கேள்வியை எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பர் என்பது ஐயமே. இதையே நண்பரிடம் கூறினேன். அவர், "அப்படியானால் மற்ற ஆறு கப்பல்களின் பெயர்களுக்கு உரியவர்கள் எப்படிப்பட்டவர்கள்?" என்றார். அதை இனித்தான் தேட வேண்டும்.